மேலே வரவேண்டிய கம்பி

அட்டை மாடல் தொங்கத் தொடங்கியிருந்தது. காலையில் விடுதியிலிருந்து இரண்டு கையிலும் ஏந்தி வந்தபோது நேராகத்தான் நீட்டிக்கொண்டு நின்றது அந்த வாசிப்பு அறை, சரிவில் நிற்கும் ஒரு நூலகத்தின் வாசிப்பு அறை, அடியில் தூணே இல்லாமல் அந்தரத்தில். இப்போது, மழை வருகிறேன் வருகிறேன் என்று மிரட்டிவிட்டு வராமல் இருக்கிற ஐப்பசிப் புழுக்கத்தில், ஃபெவிகால் இளகி, அறையின் மூக்கு மெதுவாகத் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. எபிநேசர் ஒற்றை விரலை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டடக்கலை வகுப்பு முழுக்க அட்டையும் பசையும் வேர்வையும் கலந்த வாடை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஏசி அறைக்குள், மார்க் போட ஜூரிக்கு வந்தவர்கள் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு வறுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் முறை வர இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். பக்கத்து மேஜை பூர்ணிமா தன் மாடலுக்குக் குட்டிக் குட்டி மரங்களை நட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "என்னடா, பிள்ளைக்குக் காய்ச்சலா, தாடையைத் தாங்கிட்டு உக்காந்திருக்க?" என்றாள். அவன் விரலை எடுத்துக் காட்டினான். மூக்கு தொங்கியது. அவள் எட்டி வந்து குனிந்து அடியில் பார்த்தாள். "அறிவுக்கொழுந்து. தாங்குற பட்டையைக் கீழ ஒட்டியிருக்க. வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிறது மேலதானே பிய்யும்? மேல ஒட்டணும்." டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, அறை சுவரோடு சேருகிற இடத்தில், மேல்பக்கமாக ஒரு இழு இழுத்து ஒட்டினாள். மூக்கு நிமிர்ந்தது. அவள் தன் மரங்களிடம் போய்விட்டாள். நடந்தது இவ்வளவுதான். அந்த வகுப்பில் அதற்குமேல் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. எபி மட்டும் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேலே. மேலேதானே பிய்யும். அவனுக்குத் தெரியாதா, போன பருவத்துப் பரிட்சையில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதியவன்தானே. சுவரிலிருந்து தாங்கல் இல்லாமல் நீட்டும் கான்கிரீட் தளத்துக்குள்ளே முக்கியக் கம்பி மேல்பக்கம் வர வேண்டும்; கையை நீட்டி அதில் ஒரு வாளியைத் தொங்கவிட்டால் தோளின் மேல்பக்கம்தான் இழுபடுகிறது, அதுபோல. எழுதினான், மார்க்கும் வாங்கினான். அப்படியென்றால் ஊரில் கட்டுகிற புதுச் சபைக் கட்டடத்துக்கு வரைந்து அனுப்பிய படத்தில், அதன் மேல்மாடத்துக்கு, கம்பியை எங்கே போட்டான்? கண்ணை மூடிப் பார்த்தான். கறுப்புத் திரையில் சிவப்புக் கோடு. மேலே இருந்தது. இல்லை, கீழே. மேலே என்று நினைத்தால் மேலே போகிறது, கீழே என்று நினைத்தால் கீழே வருகிறது, கண்ணுக்குள் இருக்கிற கோட்டை எப்படி நம்புவது. போனை எடுத்து, அக்காவுக்கு அனுப்பிய படத்தைத் தேடித் திறந்து, இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தான். விரிக்க விரிக்க மங்கி, மங்கி, பிறகு ஒரு நொடியில் தெளிந்தது. கீழே. சிவப்புக் கோடு கீழே ஓடியது. வாசலுக்கு மேலே இரண்டு சுவருக்கு நடுவில் படுத்திருக்கும் சாதாரணத் தளத்துக்கு வரைந்த கம்பி அது, அங்கே கீழே வருவதுதான் சரி. அந்தத் தளத்தைத்தான் அவன் கம்ப்யூட்டரில் ஒரு மூலையைப் பிடித்து சபைக்குள்ளே இழுத்து நீட்டியிருந்தான். ஒரே இழு. மாடம் ஆகிவிட்டது. தளம் நீண்டபோது கம்பியும் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி கூடவே நீண்டு வந்தது, இருந்த இடத்திலேயே, கீழேயே. அறிவு ஒரு அறையில் இருந்திருக்கிறது, கை இன்னொரு அறையில் இருந்திருக்கிறது, நடுவில் கதவு சாத்தியிருந்திருக்கிறது. இன்றைக்குத்தான் அதற்கு கான்கிரீட் போடுகிறார்கள். இன்றைக்கு, இந்நேரம், கழுகுமலை ரோட்டில், சபையே வரிசையாக நின்று கலவைச் சட்டி கைமாற்றிக்கொண்டிருக்கும்.

அந்த மாடம் கெத்சி அக்காவுக்காக வந்தது என்றே சொல்லலாம். வாடகைக்கு எடுத்த தகரக் கொட்டகையில்தான் ஆராதனை, உள்ளே இடம் இல்லை, கைப்பிள்ளைக்காரிகள் எல்லாம் வெளியே வேப்பமரத்தடியில். பிள்ளை அழுதால் பாஸ்டர் ஆசீர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார், திட்ட மாட்டார், காத்திருப்பார், அது திட்டுவதைவிட மோசம் என்பாள் அக்கா. "எங்களுக்கு மட்டும் பரலோகம் வாசலுக்கு வெளியதான் போலய்யா," என்று போன விடுமுறையில் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குத் தைத்தது. புதிய சபைக்குப் படம் வரையச் சொல்லி அவனைத்தானே கேட்டிருக்கிறார்கள், மூன்றாம் வருஷம் படிக்கிற பிள்ளையை, எஞ்சினியர் எதற்கு, நம்ம எபிநேசரே இருக்கும்போது என்று. பின்பக்கம், வாசலுக்கு மேலே ஒரு மாடம், தாய்மார்களுக்கும் கைப்பிள்ளைகளுக்கும் மட்டும், அங்கிருந்து பிரசங்க மேடை நேராகத் தெரிய வேண்டும், கீழே இருப்பவர்களுக்கும் மறைக்கக் கூடாது, ஆகையால் தூண் வேண்டாம். தூண் வேண்டாம் என்று சொன்னபோது எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை. அது இனித்தது. அது இனித்ததை இப்போது நாக்கில் உணர முடிந்தது, கெட்டுப்போன பண்டத்தின் இனிப்பு மாதிரி. அம்மாக்கள், பிள்ளைகள், பால் புட்டி, தோள் பை, பாட்டு வேகம் எடுக்கும்போது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டிக் குதிப்பார்கள், எங்கள் சபையில் யார் சும்மா நின்று பாடுவார்கள், குதிப்பார்கள், அந்த மாடத்தின் நுனியில், கெத்சி அக்கா முன்வரிசையில்தான் இருப்பாள், அவளுக்கு எப்போதும் முன்வரிசை. வேண்டாம். அங்கே போகாதே. வேறு எதையாவது நினை. ஏசி அறைக்குள்ளிருந்து ரிஸ்வான் வெளியே வந்து, "முடிஞ்சுது மாப்ள, படிக்கட்டு எங்கன்னு கேட்டாங்க, எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது வைக்கலேன்னு," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எபியும் சிரித்தான் போலிருக்கிறது, கன்னம் வலித்தது. படிக்கட்டு இல்லாவிட்டால் என்ன, அது அட்டை.

அம்மாவுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவுக்குப் போட்டான். அடித்தது. பாஸ்டருக்கு. சீனி மேஸ்திரிக்கு, அவருடையது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எங்கே அடிக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அதுதான் கொடுமை. அஸ்திவாரம் போட்ட அன்று அவன் போனையும் அல்லவா காணிக்கைப் பையில் போட்டார்கள். கர்த்தருடைய வீட்டு வேலை நடக்கும் நாளில் கையில் போன் இருக்கக் கூடாது, மனசு சிதறும் என்று பாஸ்டர் வைத்த வழக்கம், காலையில் ஜெபம் முடிந்ததும் காணிக்கைப் பை சுற்றி வரும், சிவப்பு வெல்வெட், அதில் எல்லாரும் போனைப் போட்டுவிட வேண்டும், முடிவு ஜெபத்துக்குப் பிறகுதான் பை திறக்கும். அன்றைக்கு அந்தப் பையை அவன்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகைக்குள் பிரசங்க மேடையடியில் வைத்தான், உள்ளே யாருடைய போனோ அதிர்ந்தது, கோழிக்குஞ்சைத் துணிக்குள் பிடித்த மாதிரி உள்ளங்கையில் துடித்தது, அவனுக்குக் கூச்சமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. இப்போது அவன்தான் அந்தப் பைக்குள் துடித்துக்கொண்டிருக்கிறான். வெளியே கலவை மெஷின் கடகடக்கும், அதற்கு மேலே பாட்டு, அதற்கு மேலே சட்டி சட்டி என்று சத்தம். ஆள் இல்லாத கொட்டகையில் வெல்வெட்டுக்குள் அம்மாவின் போன் வெளிச்சம் போட்டு அணையும். திரும்பப் போட்டான். அடித்தது. பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு பருத்திக் கிடங்கு, அது பூட்டியே கிடக்கும். பள்ளியில் கூடப் படித்தவன் ஒருவன் அங்கே ஆட்டோ ஓட்டினான், இப்போது திருப்பூரில் இருக்கிறான். இப்போதே எழுந்து பஸ் ஏறினால்? போய்ச் சேர்வதற்குள் கான்கிரீட் இறுகிவிடும், அது யாருக்கும் காத்திருக்காது, அதை இவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்தக் கல்லூரிதான். ஜூரியும் போய்விடும், ஒரு வருஷம் பின்னால் தள்ளிவிடுவார்கள். போகட்டும். போனாலும் போகட்டும் என்று எழுந்தான், எழுந்து நின்றவன் எங்கே போவது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடிவிட்டு உட்கார்ந்தான்.

மேஸ்திரி மாற்றியிருப்பாரோ? எத்தனை வீட்டுக்கு ஜன்னல் மேல் நீட்டும் சன்ஷேடு போட்டவர், கம்பி மேலே கட்டிக் கட்டிப் பழகிய கை, கை தானாகவே மேலே போயிருக்காதா? ஒரு நிமிஷம் நெஞ்சில் காற்று புகுந்தது. பிறகு எண்ணெய் ஞாபகத்துக்கு வந்தது. படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை மேடையில் விரித்து, பாஸ்டர் சின்னக் குப்பியிலிருந்து எண்ணெய் தொட்டு அதன் நாலு மூலையிலும் பூசினார். எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, அடியில் இருந்த மேஜையின் மரம் தெரிந்தது. பாஸ்டர் அவன் தலையில் கை வைத்து, "இந்தப் பிள்ளையின் கைகளைக்கொண்டு நீர் வரைந்தீர், இதில் ஒரு கோடும் மாறாமல் நிறைவேறட்டும்," என்று ஜெபித்தார், சபை முழுக்க ஆமென் சொன்னது, எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் சீனி மேஸ்திரி. அவர் சபைக்கு வந்து கொஞ்ச காலம்தான், ஞானஸ்நானத்தில் சீலாஸ் என்று பேர் வைத்தார்கள், ஊரில் ஒருத்தரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, சபையில் மட்டும் சீலாஸ் பிரதர் என்றால் முகம் மலரும். அபிஷேகம் பண்ணின படத்தில் அவர் கையை வைப்பாரா? மற்ற வீட்டுக்குக் கம்பி மேலே, ஆண்டவர் வீட்டுக்குக் கீழே என்று சொன்னாலும் அவர் ஏன் என்று கேட்க மாட்டார். அதோடு நிற்கவில்லையே, அன்றைக்கு ஆராதனை முடிந்து வெளியே வந்து இவனும் சொன்னானே, எல்லார் காதும் கேட்க, பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, "மேஸ்திரி, படத்துல எப்படியோ அப்படியே. ஒரு கம்பிகூட மாறக் கூடாது." அவர் "சரிங்க தம்பி" என்றார். அப்பா வயசு அவருக்கு. அந்தக் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டாவது சொல்லியிருக்கலாம். ஏன் இப்போது பாக்கெட் ஞாபகம் வருகிறது, அதுவா முக்கியம், கம்பி கீழே இருக்கிறது, கம்பி கீழே இருக்கிறது.

ஜெபம் பண்ணு என்றது உள்ளே ஒரு குரல், அம்மாவின் குரல் மாதிரியே. மேஜையில் நெற்றியை வைத்தான். ஆண்டவரே. அதற்கு மேல் வரவில்லை. என்ன கேட்பது? கீழே இருக்கிற கம்பியை மேலே தூக்கி வை என்றா. பையைத் திறக்கச் சொல்லு, யாராவது தாகம் எடுத்துக் கொட்டகைக்குள் வரட்டும். வந்தாலும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், உபவாசம். நீயும் ஒரு வேளை விட்டுக்கோய்யா என்று அம்மா நேற்றே சொன்னாள், சரிம்மா என்றான், சரி என்று சொன்ன வாய் மத்தியானம் கேன்டீனில் முட்டை பப்ஸ் தின்றது, ஞாபகம் வந்தபோது பாதி உள்ளே போயிருந்தது, மீதியை என்ன செய்வது என்று அதையும் தின்றான். பப்ஸுக்கும் கம்பிக்கும் என்ன சம்பந்தம், கம்பி அதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே கீழே போய்விட்டது, ஆனாலும் கணக்கில் ஏறியிருக்குமோ. வெளியே வானம் சாம்பல் பூசிக்கொண்டு நின்றது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்தபோதுதான் அவனுக்கு அந்த எண்ணம் வந்தது. மழை. மழை பெய்தால் நிறுத்திவிடுவார்கள். கலவை கரைந்து ஓடும், தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு இன்னொரு நாள் என்பார்கள், பை திறக்கும், போன் எடுக்கப்படும். மழை பெய்யட்டும் ஆண்டவரே. இப்போதே. கழுகுமலை ரோட்டில் மட்டும் போதும். கொட்டு. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, அங்கே அவர்கள் உபவாசம் இருப்பதே மழை வரக் கூடாது என்றுதான். வாரம் பூராவும் சபை முழுக்க முழங்காலில் நின்றது, அம்மா, அக்கா, கைப்பிள்ளைக்காரிகள், காய்ச்சலோடு வந்த லில்லி டீச்சர், எல்லாரும் ஒரே விண்ணப்பம், மேகத்தைக் கட்டும், மேகத்தைக் கட்டும் என்று. அத்தனை பேர் பசியோடு கேட்கிறதற்கு எதிராக, வயிற்றில் பப்ஸோடு இவன் ஒருத்தன் கேட்கிறான். யார் பக்கம் சாய்வார்? சிறுவயதிலிருந்து எத்தனையோ சாட்சி கேட்டிருக்கிறான், கேட்டது கிடைத்தது, கேட்டது கிடைத்தது என்று. ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்டால் என்ன ஆகும் என்று யாரும் சாட்சி சொன்னதில்லை. அவர்கள் விசுவாசம் இவனைவிடப் பெரியது. அதுதான் பயமாக இருந்தது. அவர்கள் நன்றாக ஜெபிப்பவர்கள். கேட்டு வாங்கிவிடுவார்கள். கொஞ்சம் குறைவாக விசுவாசியுங்கள் என்று இங்கிருந்து எப்படிச் சொல்வது. போனில் வானிலையைத் திறந்து ஊர்ப் பெயரைப் போட்டான். மேகப் படம். துளி இல்லை. கீழே இழுத்துப் புதுப்பித்தான். மேகம். இழுத்தான். மேகம். "எபி, அடுத்து நீதான்," என்று யாரோ சொன்னார்கள். இழுத்தான்.

போன் அவன் கையிலேயே துடித்தது. அம்மா.

"எபி, என்னய்யா இத்தன தடவ கூப்பிட்டிருக்க? இப்பத்தான் பைய எடுத்துட்டு வந்து பிரிச்சாவ. பரிட்ச முடிஞ்சுதா?" பின்னால் ஒரே இரைச்சல், கைதட்டு, ஏதோ தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம். "அம்மா, கான்கிரீட் போட்டாச்சா?" "போட்டு முடிச்சாச்சுய்யா. ஆண்டவர் பெரியவர். கடைசிச் சட்டி ஊத்தி, சீலாஸ் பிரதர் மட்டம் தேச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டு விழல. ஆமென் சொன்னோம் பாரு, வானம் பிச்சுக்கிட்டு ஊத்துது. கொஞ்சம் முந்தி வந்திருந்தா எல்லாம் போச்சு. பாஸ்டர் அழுதுட்டாவ." அவனுக்குக் காதுக்குள் மழை கேட்டது. அவன் கேட்ட மழை. வந்திருந்தது. "அம்மா, நான் சொல்றதைக் கேளு. நான் தப்பா வரைஞ்சிட்டேன். அந்த மாடம், கம்பி மாறிப் போச்சு, அது நிக்காது." "எதுய்யா நிக்காது?" "மாடம்மா. நம்ம மாடம்." அவள் சிரித்தாள், பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற சிரிப்பு. "பரிட்சைன்னா உனக்கு எப்பவும் இப்படித்தான் வரும். பத்தாம் கிளாசுல கணக்குப் பரிட்ச எழுதிட்டு வந்து ஃபெயிலுன்னு தேம்புனியே, எவ்வளவு வாங்குன? நல்லா கல்லு மாதிரி நிக்குய்யா. இந்தா அதுக்கு அடியிலதான் நாங்க எல்லாரும் நிக்கோம்." "எதுக்கு அடியில?" "மாடத்துக்கு அடியிலதான். மேல கூர இன்னும் போடல, கொட்டகைக்கு ஓடுறதுக்குள்ள நனைஞ்சிருவோம், இது ஒண்ணுதான ஒதுங்க இடம் இருக்கு. முட்டுக்கம்புக்கு நடுவுல நெருக்கியடிச்சு நிக்கோம். கெத்சி பிள்ளைய முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு நிக்கா. இந்தா, பிள்ளட்ட பேசு, மாமா கூப்பிடுதேன்னு சொல்லு." பிள்ளையின் மூச்சு போனில் உரசியது. "அம்மா, எல்லாரையும் வெளிய வரச் சொல்லு." "மழையிலயா?" "மழையில நனைஞ்சா ஒண்ணும் ஆகாது. வெளிய வாங்க. அப்புறம் அந்த முட்டு, முட்டுக்கம்பை எடுக்கக் கூடாது. யாரும் எடுக்கக் கூடாது." "இப்ப யாருய்யா எடுப்பா, ஈரம். காஞ்ச பெறவுதான எடுப்பாவ." "காஞ்ச பெறகும் எடுக்கக் கூடாது. நான் வர்ற வரைக்கும்." "சரி, எடுக்கல. நீ சொன்னா எடுக்கல. நீ சாப்பிட்டியா?" பக்கத்தில் பாஸ்டரின் குரல் ஓங்கியது, நன்றிப் பாட்டு தொடங்கியது, அம்மா, "பை வருதுய்யா, மறுபடியும் போடச் சொல்லுதாவ, ராத்திரி பேசுதேன்," என்றாள். "அம்மா, போடாதே. அம்மா." பாட்டு கொஞ்சம் கேட்டது. பிறகு துணி உரசுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. திரும்பப் போட்டான். அடித்தது, அடித்தது, வெல்வெட்டுக்குள் அடித்தது.

முட்டு இருக்கிற வரைக்கும் நிற்கும். அவனுக்குத் தெரியும், முட்டு இருக்கிற வரைக்கும் எதுவும் ஆகாது, பலகையும் கம்பும் தாங்கும், இன்றைக்கு ஆகாது, நாளைக்கு ஆகாது. ஆனால் அம்மா சொல்வாளா, சொன்னாலும் பிள்ளை பயப்படுது என்றுதானே சொல்வாள், பாஸ்டர் சிரித்துக்கொண்டே ஜெபிப்பார், நல்ல நாள் பார்த்துக் கம்பைத் தட்டுவார்கள், முதல் கம்பு கழன்று விழும்போது எல்லாரும் கைதட்டுவார்கள். நுனியில் தூண் வைத்துவிடலாம். தூண் வைத்தால் கீழ்க்கம்பியே போதும். தூண் வேண்டாம் என்று சொன்ன வாயாலேயே சொல்லலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம், மழையைக் கட்டி வைத்து ஆண்டவர் நிறுத்திய மாடத்துக்குத் தூணா என்று கேட்டால் என்ன சொல்வான். இன்றைக்கு ராத்திரி பஸ். ஆமாம், ராத்திரி பஸ். "எபிநேசர்," என்று கண்ணாடிக் கதவு கூப்பிட்டது. இரண்டு கையிலும் மாடலை ஏந்திக்கொண்டு உள்ளே போனான். ஏசிக் குளிர் வேர்வையில் இறங்கியது. இங்கேயும் ஜன்னலில் மழை ஆரம்பித்திருந்தது, தாமதமாக, யாரும் கேட்காமல். மாடலை மேஜையில் வைத்தான். மூன்று பேர் சுற்றி நின்றார்கள். வெள்ளைத் தாடிக்காரர் குனிந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ம், தூணே இல்லாம நல்லா தைரியமா நீட்டியிருக்க. யார் உக்காரப் போறா இதுல?" "சின்னப் பிள்ளைங்க, சார். கதை கேக்க." அவர் தலையை ஆட்டினார். பிறகு சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "சரி, கையை எடு தம்பி, முழுசா பாக்கணும்," என்றார். அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, வலது கையின் நாலு விரலும் வாசிப்பு அறையின் அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தன. மேலே பூர்ணிமா ஒட்டிய டேப் அப்படியேதான் இருந்தது. "கையை எடுப்பா." எபி தன் கையைப் பார்த்தான். அந்தக் கை அசையவில்லை.